கட்சிகளைத் தெரியும், கருத்தியல்களைத் தெரியுமா?

எமது நாட்டின் முழுப் பெயர் இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசு. இதில் 'சோசலிச' என்ற சொல்லை வைத்தவர் யார் என்று உயர்தர வகுப்பு மாணவர்களிடம் கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் சிறிமாவோ பண்டாரநாயக்க என்பார்கள். 1972 இல் நாட்டைக் குடியரசாக்கியது அவருடைய அரசாங்கம். இடதுசாரிகள் அதில் அமைச்சர்களாகவும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வைத்த பெயர் வெறுமனே 'இலங்கைக் குடியரசு' என்பதுதான். 'சனநாயக சோசலிச' என்பதைச் சேர்த்தது 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. அதைக் கொண்டுவந்தவர் ஜே.ஆர். ஜயவர்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைத்து, திறந்த பொருளாதாரத்துக்குக் கதவு திறந்த அதே ஜே.ஆர்.தான்.

பலகையில் ஒன்று, கடைக்குள் வேறொன்று. இந்த நாட்டு அரசியலைப் படிப்பவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

எங்கள் சமூகத்தில் கட்சிகளின் பெயர் தெரியாதவர் இல்லை. எந்த அமைப்பாளர் எந்த ஊர், எந்த அமைச்சர் எந்தப் பாதைக்குக் கொங்கிரீட் போட்டுத் தந்தார், யார் யாரோடு கோபித்துக்கொண்டு எந்தப் பக்கம் தாவினார் என்பதெல்லாம் தேநீர்க் கடையில் மனப்பாடமாகச் சொல்லப்படும். அந்தக் கட்சியின் கருத்தியல் என்ன என்று கேட்டால் மட்டும் மேசை அமைதியாகிவிடும். அது பரீட்சைக்குப் படிக்கும் விடயம் என்று நினைத்து விட்டுவிட்டோம். குடியியற் கல்விப் பாடத்தில் வரைவிலக்கணத்தை எழுதிப் புள்ளி எடுக்கும் பிள்ளையும், வீட்டில் வாப்பா எந்தக் கட்சியோ அந்தக் கட்சி என்றுதான் வாக்களிக்கிறது.

கருத்தியல் என்பது பெரிய விடயமல்ல. சொத்து யாருக்குரியது, அரசாங்கம் மனிதனின் வாழ்க்கையில் எதுவரை தலையிடலாம், 'நாம்' என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்ற கேள்விகளுக்கு ஒன்றோடொன்று பொருந்திவரும் விடைகளின் தொகுதி அது. வலது, இடது என்ற சொற்கள் 1789 இல் பிரான்சின் தேசிய சபையில் உறுப்பினர்கள் அமர்ந்த முறையிலிருந்து வந்தவை. மன்னரின் அதிகாரத்தைக் காக்க நினைத்தவர்கள் தலைவரின் வலப்பக்கமும், அதைக் குறைக்க நினைத்தவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆகவே வகுப்பில் நான் பாரிசிலிருந்து தொடங்குவதில்லை. சம்மாந்துறைப் பக்கத்து வயல் ஒன்றிலிருந்து தொடங்குவேன். எட்டு ஏக்கர் காணி. உரிமையாளர் போடியார். அதில் இறங்கி வேலை செய்பவர் முல்லைக்காரர். அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. இந்த நெல் யாருக்கு, என்ன விலைக்கு, யார் தீர்மானிப்பது?

தாராண்மைவாதி, அதாவது லிபரல் சிந்தனைக்காரர், இப்படிச் சொல்வார்: காணி போடியாருடையது. முல்லைக்காரரோடு அவர் சுதந்திரமாக ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார். நெல்லின் விலையை வாங்குபவரும் விற்பவரும் சந்தையில் தீர்மானிக்கட்டும். அரசாங்கத்தின் வேலை, உடன்பாட்டை மீறினால் நீதிமன்றம் இருப்பதும், காணியை யாரும் பறிக்காமல் காப்பதும். 1776 இல் அடம் ஸ்மித் எழுதிய நூலில் பொருளாதாரப் பக்கத்தின் அடிப்படை இருக்கிறது.

ஆனால் தாராண்மைவாத வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று சந்தைச் சுதந்திரம். மற்றையது மனிதச் சுதந்திரம்: பேச்சு, மதம், மனச்சாட்சி, சட்டத்தின் முன் சமத்துவம். 1859 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் எச்சரித்தது இந்த இரண்டாவது அறையைப் பற்றி. மன்னனின் கொடுங்கோன்மை போனால் போதாது, பெரும்பான்மையின் கொடுங்கோன்மையும் இருக்கிறது என்றார். ஜே.ஆர். முதல் அறையை விரியத் திறந்தார். இரண்டாவதைப் பூட்டினார். 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1980 இல் சிறிமாவோவின் குடியியல் உரிமை பறிப்பு. 1982 இல் பொதுத் தேர்தலை நடத்தாமல், சர்வஜன வாக்கெடுப்பொன்றை வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தார். 'ஐக்கிய தேசியக் கட்சி லிபரல் கட்சி' என்று எழுதும் மாணவனிடம் எந்த அறையைச் சொல்கிறாய் என்று கேட்பது என் வழக்கம்.

இரண்டாவது அறையின் பெறுமதி எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 2020 இல் கொவிட் காலத்தில் எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. அன்றைய அரசாங்கத்துக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தது. கணக்குப்படி சனநாயகம்தான். ஆனால் வாக்குக் கணக்கு எவ்வளவு இருந்தாலும் தொடக்கூடாத சில விடயங்கள் ஒரு மனிதனுக்கு உண்டு என்ற எண்ணம் அந்த ஆட்சியில் இல்லாமல் போனது. 2021 பெப்ரவரியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இடையில் நாங்கள் நீதிமன்றத்திலும் வீதியிலும் முன்வைத்த வாதங்கள் அனைத்தும், எங்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ, தாராண்மைவாதத்தின் வாதங்கள்.

சரி, வயலுக்கு வருவோம். பழைமைவாதி அந்தக் களத்தில் நின்றால் விலையைப் பற்றி அவ்வளவு பேசமாட்டார். இந்த வயல் எப்படி வந்தது என்று கேட்பார். பாட்டன் வெட்டிய காணி, வட்டை விதானை பார்த்துத் தண்ணீர் விடும் முறை, விதைப்புக்கும் அறுவடைக்கும் ஊர் வைத்திருக்கும் ஒழுங்கு; பல தலைமுறை அனுபவம் இதில் இருக்கிறது, ஒரு புத்திசாலி அமைச்சர் ஒரே இரவில் கலைத்துவிட வேண்டாம் என்பார். 1790 இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எட்மண்ட் பேர்க் எழுதியதன் சாரம் இது. மாற்றமே வேண்டாம் என்பதல்ல பழைமைவாதம், மெல்ல மாற்று என்பதுதான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்களே, பேர்க் உயிரோடு இருந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார். மரபு, பாரம்பரியம் என்று பேசி வந்த அரசாங்கம்தான் அதைச் செய்தது. அந்தப் போகத்தில் எங்கள் பக்கத்து விவசாயிகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், பயிர் அதற்குக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது ஆள் சோசலிஸ்ட். அவர் போடியாரிடம் பேசமாட்டார், நேரே முல்லைக்காரரிடம் போவார். வெயிலில் நின்றவர் நீ, நெல்லில் பெரும்பங்கு வீட்டுத் திண்ணையில் இருந்தவருக்குப் போவதேன்? உடன்பாடு சுதந்திரமானது என்கிறார்களே, காணி இல்லாத நீ 'மாட்டேன்' என்றால் உன் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? கார்ல் மார்க்சின் மையக் கருத்து இந்தக் கேள்வியில் அடங்கிவிடும். உழைப்பாளி உருவாக்கும் பெறுமதியில் ஒரு பகுதிதான் அவனுக்குக் கூலியாகத் திரும்புகிறது, மிகுதி உற்பத்திச் சாதனத்தை வைத்திருப்பவருக்குப் போகிறது என்றார். அவரும் ஏங்கல்சும் 1848 இல் வெளியிட்ட அறிக்கை, புரட்சியால்தான் இது மாறும் என்றது. கம்யூனிஸ்டுகள் அந்த வழியில் நின்றார்கள். வாக்குப் பெட்டியாலும் சட்டத்தாலும் மாற்றலாம் என்றவர்கள் சனநாயக சோசலிஸ்டுகள் ஆனார்கள்.

இலங்கையில் இது வெறும் பேச்சாக இருக்கவில்லை. 1935 இல் உருவான லங்கா சமசமாஜக் கட்சிதான் நாட்டின் முதல் நவீன அரசியல் கட்சி. 1953 இல் ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிகள் நடத்திய ஹர்த்தாலில் நாடு நின்றது, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1958 இல் பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்து நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக்கு உழுபவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது, குத்தகைக்கு வரம்பு உண்டு என்றது அச்சட்டம். எங்கள் முல்லைக்காரரின் பக்கம் சட்டம் வந்து நின்றது அப்போதுதான். அதே அமைச்சரவையின் வலதுசாரிகள் பொறுக்கமாட்டாமல் கிளர்ந்தெழ, 1959 இல் பிலிப் வெளியே போக வேண்டியதாயிற்று.

சோசலிசத்தின் மறுபக்கத்தை எங்கள் பெற்றோரிடம் கேட்க வேண்டும். 1970 முதல் 1977 வரை பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனால் வழியில் பொலிஸ் சோதனை. வியாபாரத்தை நம்பி வாழ்ந்த எங்கள் சமூகத்துக்கு அது கடும் அடி. 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140. சமசமாஜிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் ஒரு ஆசனம்கூட இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் சமூக சனநாயகம் என்ற ஒன்று இருக்கிறது. சந்தை இருக்கட்டும், ஆனால் பாடசாலையும் வைத்தியசாலையும் காசுக்கு விற்கப்படக் கூடாது என்பது அது. பிரித்தானியாவில் 1945 இல் வந்த தொழிற்கட்சி அரசாங்கம் 1948 இல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. நாங்கள் அதற்கு முந்தியவர்கள். 1945 இல் எங்களிடம் இலவசக் கல்வி வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர சோசலிஸ்ட் அல்லர், இலங்கைத் தேசிய காங்கிரஸ்காரர். 1980 இல் இலவசப் பாடநூல் கொடுத்ததும் திறந்த பொருளாதார அரசாங்கம்தான். அதனால்தான் இந்த நாட்டில் எந்தக் கட்சி வந்தாலும் இலவசக் கல்வியை ஒழிப்பேன் என்று மேடையில் சொல்லத் துணிவதில்லை. ஆனால் மெல்லத் தேய்ப்பார்கள். எல்லோருக்கும் இருந்த அரிசிப் பங்கீடு, 1979 இல் ஏழைகளுக்கு மட்டுமான உணவு முத்திரையானது. எல்லோருக்குமா, தெரிவு செய்யப்பட்டவர்களுக்கா என்ற அந்த வாதம்தான் 2023 இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியலில் எங்கள் ஊர்களில் கண்ணீரும் சண்டையுமாக வெடித்தது. பெயர் விடுபட்டவர்கள் கிராம சேவகரோடு சண்டை பிடித்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார், அது அவர் எடுத்த முடிவா?

இனி, வயலில் நிற்கும் நான்காவது ஆள். அவர் போடியாரையும் பார்க்கமாட்டார், முல்லைக்காரரையும் பார்க்கமாட்டார். இந்தக் காணி எந்த இனத்துடையது என்று கேட்பார். அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு தேசியவாதத்தைக் கற்பிப்பது சுலபமுமல்ல, கடினமுமல்ல. கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இங்கு ஒவ்வொரு காணித் தகராறிலும் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

தேசியவாதம் பிறக்கும்போது கெட்ட பிள்ளையாகப் பிறக்கவில்லை. அந்நியனை வெளியேற்ற அதுதான் ஆயுதம். 1882 இல் எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்து நின்று தோற்று, மறு வருடம் இங்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா ஒரு தேசியவாதி. கொழும்பு ஸாஹிராவின் தோற்றத்தோடு சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோருடன் அவருடைய பெயரும் சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்நியன் போன பிறகு தேசியவாதம் வீட்டுக்குள் அந்நியனைத் தேடும். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை, 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம். கொல்வின் ஆர். டி சில்வா அன்று பாராளுமன்றத்தில் எச்சரித்தார்: ஒரு மொழி என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டு நாடுகளில் முடியும் என்று. 1972 இல் பௌத்தத்துக்கு முதன்மையும் சிங்களத்துக்கு அரசகரும மொழி அந்தஸ்தும் தந்த அரசியலமைப்பை, அதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்து நிறைவேற்றியவரும் அதே கொல்வின். இடதுசாரிக் கருத்தியல் பெரும்பான்மைத் தேசியவாதத்தின் முன் எப்படிக் கரைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மறுபுறம், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒடுக்கப்பட்டோரின் தேசியவாதமும் தன்னைவிடச் சிறியவரைக் கண்டால் அதே கேள்வியைக் கேட்கும்.

தேசியவாதத்தின் கடைசிப் படி பாசிசம். தேசம் ஓர் உடல், தலைவர் அதன் தலை, உள்ளே இருக்கும் எதிரி அதன் நோய், கட்சிகள் தேவையில்லை, வீதியில் தடியோடு ஆட்கள் தேவை. 1922 இல் இத்தாலியில் அதிகாரத்துக்கு வந்த முசோலினி முன்னர் ஒரு சோசலிசப் பத்திரிகையின் ஆசிரியர் என்பதைக் கேட்டால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். முகநூலில் நாங்கள் பிடிக்காத எல்லோரையும் பாசிஸ்ட் என்கிறோம். அளுத்கமவிலும் திகனவிலும் கடைகளை எரித்த கும்பல்களில் அதன் சாயல் இருந்தது உண்மை. ஆனாலும் சொல்லை மலிவாக்கிவிட்டால், உண்மையான ஆள் வரும்போது அழைக்கப் பெயர் இருக்காது.

பெண்ணியமும் சூழலியமும் தனிக் கட்டுரைகளுக்குரியவை. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு ஏன் ஆணைவிடக் குறைந்த கூலி என்று ஒருவரும், வாய்க்காலில் கலக்கும் கிருமிநாசினியைப் பற்றி ஏன் நால்வரில் எவரும் பேசவில்லை என்று இன்னொருவரும் கேட்பார்கள் என்பதை மட்டும் இங்கு சொல்லிவைக்கிறேன்.

இப்போது எங்களைப் பற்றி. முஸ்லிம் அரசியலில் கருத்தியல் இருந்ததா? ஒரு காலம் இருந்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் ஆரம்பகாலத்தவர்களில் ஒருவரான பதியுத்தீன் மஹ்மூத், இஸ்லாமிய சோசலிச முன்னணிக்குத் தலைமை தாங்கினார். ஸக்காத்தும் வட்டித் தடையும் செல்வம் ஒரே இடத்தில் குவியாமல் இருக்கத்தான், ஆகவே சோசலிசம் எங்களுக்குப் புறம்பானதல்ல என்ற வாதம் அது. அவர் தனியாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1959 இல் சிரியாவின் முஸ்தபா அஸ்ஸிபாஈ இதே பொருளில் நூல் எழுதினார். பாகிஸ்தானில் பூட்டோ இதைத் தேர்தல் முழக்கமாக்கினார். தனியுடைமையையும் வியாபாரத்தையும் மார்க்கம் அனுமதிக்கிறதே என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் வர்த்தகப் பெருமக்கள் ஐக்கிய தேசியக் கட்சியில் நின்றதற்கு அதுவும் காரணம். இரு தரப்பும் ஒரே குர்ஆனிலிருந்துதான் பேசினார்கள். இன்று நினைத்தால் பொறாமையாக இருக்கிறது, குறைந்தபட்சம் விவாதிக்க ஒரு விடயம் இருந்தது.

1981 இல் காத்தான்குடியில் அஷ்ரப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் வேறொரு கேள்வியிலிருந்து பிறந்தது: 'நாம்' யார்? இரண்டு தேசியவாதங்களுக்கு நடுவில் நசுங்கிய கிழக்கு மக்களுக்கு அந்தக் கேள்வி அவசியமாக இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 'நாம்' யார் என்பதற்கு விடை சொன்ன கட்சி, நெல்லுக்கு உத்தரவாத விலை வேண்டுமா, வரி யார் மீது விழ வேண்டும், தனியார் மருத்துவக் கல்லூரி சரியா என்பவற்றுக்கு என்ன நிலைப்பாடு வைத்திருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த அரசாங்கத்திலும் சேர முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். சேருவதைத் தடுக்க ஒரு கொள்கை வேண்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். ஜனாஸா விடயத்தில் நாங்கள் லிபரல்களாக நின்றோம். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தும் பேச்சு வந்ததும் பழைமைவாதிகளாக மாறிவிடுகிறோம். சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009 இல் நியமிக்கப்பட்டு, 2018 இல் அறிக்கையைக் கையளித்தது. திருமண வயது, பெண் காதி நீதிபதி பற்றிய வாதங்கள் இன்றும் முடிந்தபாடில்லை. இதில் பழைமைவாத வாதம் மதிப்பில்லாதது என்று நான் சொல்லவில்லை. பெரும்பான்மையினரின் ஆட்சி எங்கள் குடும்பச் சட்டத்தில் கைவைத்தால் எங்கே போய் நிற்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் காதி நீதிமன்ற வாசலில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்ணும், 'பெரும்பான்மை என்பதற்காக என் உரிமையைத் தொடாதே' என்றுதான் சொல்கிறாள். அவளுக்கு நாங்கள்தான் பெரும்பான்மை. ஒரு வாதத்தை வீதியில் பாவித்தால் வீட்டுக்குள்ளும் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

கடந்த வருடங்களில் மாணவர்கள் அதிகம் கேட்ட கேள்வி தேசிய மக்கள் சக்தியைப் பற்றியது. அதன் மையத்தில் இருக்கும் ஜே.வி.பி., 1965 இல் மார்க்சியக் கட்சியாகத் தொடங்கி, 1971 இலும் 1987–89 இலும் ஆயுதமேந்திய கட்சி. 2024 நவம்பரில் 225 இல் 159 ஆசனங்களோடு வந்த அரசாங்கம், 2023 மார்ச்சில் முந்திய அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்படிக்கையைத் தொடர்கிறது. 'சேர், அப்படியென்றால் இவர்கள் இடதா வலதா?' கடன்பட்ட நாட்டில் எந்தக் கருத்தியலுக்கும் நடமாட இடம் குறைவு என்பது என் விளக்கம். அதற்குள்ளும் தெரிவுகள் உண்டு. எல்லோரும் ஒரே அளவில் செலுத்தும் பெறுமதி சேர் வரியை 18 வீதத்தில் வைத்திருப்பதா, சொத்துள்ளவரிடம் கூடுதலாக வாங்குவதா? நெல் சந்தைப்படுத்தும் சபைக்குப் பணம் ஒதுக்கி அறுவடை தொடங்கும்போதே கொள்வனவு செய்வதா, ஆலைக்காரர்கள் வாங்கி முடிந்த பிறகு விலையை அறிவிப்பதா? மாகாண சபைக்கு அதிகாரம் கொடுப்பதா? மேடையில் பாடும் பாட்டைவிட இந்த முடிவுகளில்தான் ஒரு கட்சியின் நிறம் தெரியும் என்று அவர்களுக்குச் சொன்னேன்.

மாகாண சபைத் தேர்தல் என்றைக்கோ நடக்கத்தான் போகிறது. வேட்பாளர்கள் பள்ளிவாசல் முன்றலுக்கு வருவார்கள், ஸலாம் சொல்வார்கள், பாதை போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். போடியாரும் முல்லைக்காரரும் ஒரே ஸப்பில்தான் நிற்பார்கள். பாதையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அந்த நெல்லைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாராவது ஒருவர் கேட்டால், அந்த வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று கேட்க நான் பின்வரிசையில் இருப்பேன்.